ஈர மலையில் ஸ்கோப்புக்கு எந்தக் கவர்?

இன்றைய நல்ல ஸ்கோப், அதாவது துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி, எதுவும் மழைக்குப் பயப்படுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி, இணைப்புகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்து இறுக்கி விடுகிறார்கள். ஐபிஎக்ஸ்7 தரம் என்று பெட்டியில் போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அர்த்தம். அப்படியும் மலை வேட்டைக்குப் போகிறவர்கள் ஸ்கோப் கவரைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம், தொல்லை முழுக்கக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருப்பதுதான். துளி, சேறு, புல் விதை, பனித்தூள், நம் மூச்சுக்காற்றின் ஆவி எல்லாம் வந்து உட்காருவது அங்கே.

முன் லென்ஸில் ஒரு துளி விழுந்தால் அது துளியாகக் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு பக்கத்தில் இருப்பது குவியத்துக்குள் வராது. அதற்குப் பதிலாகப் படம் முழுக்க ஒரு வெளுப்பு பரவும். பாறைக்கும் விலங்கின் முதுகுக்கும் உள்ள நிற வித்தியாசம் மங்கும். பட்டப்பகலில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். விடியும்போதும் பொழுது சாயும்போதும், அதாவது மலையில் விலங்குகள் வெளியே வரும் நேரங்களில், இந்த வெளுப்பு இருந்தால் சரியாகக் குறி வைக்க முடியாது. கண் பக்க லென்ஸில் விழும் துளி இன்னும் மோசம். நடுவில் விழுந்தால் குறிக்கோடே கரைந்துபோகும். சரியாகப் பார்க்காமல் சுடுவது விலங்கைக் காயப்படுத்தி விட்டுவிடுவதில் போய் முடியலாம். கவர் விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

ஃபிளிப் மூடி, பட்டை மூடி, நியோப்ரீன் உறை, மெல்லிய துணி உறை, துப்பாக்கி முழுவதையும் மூடும் உறை என்று சந்தையில் ஐந்தாறு வகை கிடைக்கின்றன. எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு விஷயம் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்: விலங்கைப் பார்த்த பிறகு சுடுவதற்கு எத்தனை விநாடி கிடைக்கும், துப்பாக்கியை எந்த நிலையில் சுமக்கிறீர்கள்.

முதல் கேள்வி நிலத்தைப் பொறுத்தது. மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே திறந்த மலையில் விலங்கைக் கண்டுபிடிப்பது பைனாகுலர்தான். எதிர்ச்சரிவில் எங்கோ ஒரு புள்ளியாகப் பார்த்து, காற்றுத் திசையைக் கணக்கிட்டு, பள்ளத்தில் இறங்கி ஏறி நெருங்குவதற்குள் ஒரு மணி நேரம்கூடப் போய்விடும். இவ்வளவு நேரமும் ஸ்கோப்புக்கு வேலையே இல்லை, மூடியே கிடக்கலாம். படுத்துக்கொண்டு, பையை முன்னால் வைத்து, துப்பாக்கியை அதன்மேல் சாத்திய பிறகு உறையை உருவினால் போதும். அடர்ந்த புதர்க்காட்டில் கதை வேறு. முப்பது நாற்பது மீட்டரில் ஒரு காது அசைவது தெரியும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் எதுவும் நிற்காது. அங்கே இரண்டு கையாலும் உருவ வேண்டிய உறை உதவாது.

இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. வார்ப்பட்டையில் குழல் மேலே பார்த்தபடி தோளில் தொங்கினால் முன் லென்ஸ் வானத்தைப் பார்க்கிறது. அந்த லென்ஸ் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் கிண்ணம்போல் தேங்கும். குழலைக் கீழ்நோக்கிச் சுமந்தால் கண் பக்கம் மழை வாங்கும். முதுகுப்பையின் பக்கவாட்டில் கட்டினால் முன் லென்ஸ் தலைக்கு மேலே போய்விடும், தாழ்ந்த கிளை ஒவ்வொன்றும் அதில் தேய்த்துக்கொண்டு போகும். மேகத்துக்குள்ளேயே நடக்கும்போது மேல் கீழ் என்ற பேச்சே இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஈரம் படியும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் மூடினால் போதும் என்ற கணக்கு மலையில் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

ஃபிளிப் மூடி

விரலால் தட்டினால் விர்ரென்று திறக்கும் மூடி. வேகத்தில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை. இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஸ்கோப்பின் விளிம்பில் அழுத்திச் செருகும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் வளையத்தோடு வருவது. பட்லர் கிரீக் மூடிகள் இந்த வகைக்குப் பழைய உதாரணம். முன் பக்கத்துக்கும் கண் பக்கத்துக்கும் தனித்தனி அளவு வரிசை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, முன் விளிம்பின் உள்பக்க மரையில் திருகிப் பொருத்தும் உலோக மூடி. லூபோல்டின் அலுமினா வகை இப்படிப்பட்டது.

அழுத்திச் செருகும் வகையின் பலவீனம் பிடிமானத்தில் இருக்கிறது. காய்ந்த நாளில் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். வளையத்துக்கு அடியில் ஈரம் இறங்கிய பிறகு புதர் ஒரு இழுப்பு இழுத்தால் மூடி வளையத்தோடு கழன்று போய்விடும், போனதே தெரியாது. முட்புதருக்குள் புகுந்து வந்தபின் திரும்பிப் பார்த்தால் ஸ்கோப்பின் முன்பக்கம் வெறுமையாக இருக்கும். சிலர் வளையத்தைச் சுற்றி ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறார்கள். அழகாக இருக்காது, ஆனால் நிற்கும். திருகும் உலோக வகையில் இந்தக் கவலை இல்லை. விலையும் எடையும் கொஞ்சம் கூடுதல், அத்தோடு உங்கள் ஸ்கோப்பில் அந்த மரை இருக்க வேண்டும்.

அடுத்தது கீல். மூடி திறந்து நிற்கும்போது அது ஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கொடி. காற்றடித்தால் ஆடும், கிளை பட்டால் கீலில் நெம்பும். சில மூடிகள் முழுக்கப் பின்னால் மடிந்து ஸ்கோப்போடு ஒட்டிப் படுத்துவிடும். மலைக்கு அந்த வகையை மட்டுமே பாருங்கள். செங்குத்தாக நிற்கும் வகை சமதளத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி, பாறை இடுக்கில் ஊர்ந்து போகிறவருக்குச் சரிவராது.

குளிர் வந்தால் இன்னொரு பிரச்சினை. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் பகல் மழையின் ஈரம் தங்கும். இரவில் அது உறைந்துவிட்டால் காலையில் பொத்தான் அசையாது. கையுறை போட்ட கட்டைவிரலால் முரட்டுத்தனமாக அழுத்தினால், குளிரில் விறைத்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடியும். சாயங்காலமே மூடியைத் திறந்து, அந்த விளிம்பைத் துணியால் ஒருமுறை துடைத்து மூடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

கண் பக்க ஃபிளிப் மூடியைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொதுவாக 9 சென்டிமீட்டர் அளவுதான் இடம். மேல்நோக்கித் திறக்கும் மூடி தொப்பி விளிம்பில் இடிக்கும். வலப்பக்கம் திறந்தால் போல்ட்டை (தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் தண்டு) இழுக்கும் கைக்குக் குறுக்கே வரும். வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் திறக்குமாறு திருப்பி வைப்பதுதான் உள்ளதில் நல்லது. அதற்கும் ஒரு தடங்கல் உண்டு: சில ஸ்கோப்களில் உருப்பெருக்கத்தை மாற்றும்போது கண் பக்கக் குழாய் முழுவதுமே சுழலும். நைட்ஃபோர்ஸின் என்எக்ஸ்எஸ் வரிசை அப்படித்தான். குறைந்த பெருக்கத்தில் இடப்பக்கம் இருந்த மூடி, பெருக்கத்தைக் கூட்டியதும் வேறு எங்கோ போய் நிற்கும். உங்கள் ஸ்கோப் அந்த ரகமா என்று வாங்குவதற்கு முன் திருகிப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். சுருள்வில் வைத்த மூடி திறக்கும்போது 'டக்' என்று அடிக்கும். காற்று வீசும் மலையில் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் விலங்குக்கு அது கேட்காது. காற்று நின்ற ஈரக் காட்டில் முப்பது மீட்டரில் நன்றாகவே கேட்கும். மூடியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு மெதுவாக விட்டால் சத்தம் அடங்கும். வீட்டில் பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

பட்டை மூடி

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு ரப்பர் கிண்ணம், நடுவே இரண்டு எலாஸ்டிக் பட்டை. பல ஸ்கோப்களோடு பெட்டியிலேயே வரும். விலை குறைவு, எடை பெயரளவுக்குத்தான். ஒரு கிண்ணத்தை இழுத்து விட்டால் மொத்தமும் தெறித்து வரும். தெறித்து எங்கே போகும் என்பதுதான் கேள்வி. சரிவில் போனால் போனதுதான். வெயிலில் கிடந்த ரப்பர் ஓரிரு வருடத்தில் வெடிக்க ஆரம்பிக்கும், எலாஸ்டிக்கும் தொய்ந்துபோகும். டரட்டுகள், அதாவது குறியை மேல் கீழாகவும் இட வலமாகவும் திருத்தும் திருகுகள், திறந்தே கிடக்கும். வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை வண்டியில் தூசி படாமல் கொண்டுபோக இது போதும். ஊடே பார்க்கக்கூடிய தெளிந்த பிளாஸ்டிக் வைத்த வகையும் உண்டு. அதை அவசரத்துக்கு மட்டுமே நம்பலாம்: அந்த பிளாஸ்டிக்கில் கீறலும் ஈரமும் சேர்ந்தால், நல்ல லென்ஸுக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

நியோப்ரீன் உறை

ஸ்கோப் முழுவதையும் ஒரு சட்டைபோல் மூடும் உறை. கடலில் முக்குளிப்பவர்களின் உடை தைக்கும் அதே பொருள்தான். இரண்டு பக்கமும் நைலான் ஒட்டியிருக்கும். ஸ்கோப்கோட் நிறுவனத்தின் வழக்கமான உறை 2 மில்லிமீட்டர் தடிமன், கனமான வகை 6 மில்லிமீட்டர். டரட், உருப்பெருக்க வளையம், இரண்டு லென்ஸ் எல்லாம் ஒரே இழுப்பில் மூடிவிடும். சத்தமே கிடையாது. பாறையில் உரசினால் ஸ்கோப்பின் பூச்சு தப்பிக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். தடித்த நியோப்ரீன் போட்டிருப்பதால் துப்பாக்கி விழுந்தாலும் ஜீரோ (குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி செய்த அமைப்பு) மாறாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உரசல், கீறல், சின்னத் தட்டல் இவற்றுக்கு உறை உதவும். துப்பாக்கியோடு சேர்த்துச் சரிவில் விழுந்தால் அந்த அடி ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் வளையங்களுக்கும் தளத்துக்கும் போகிறது. அதை எந்த உறையும் தாங்காது. விழுந்தால் உறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேட்டையை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் ஒரு குண்டு சுட்டுச் சரிபார்ப்பதுதான் முறை.

மழை விஷயத்தில் நியோப்ரீனின் குணம் இரட்டை. நடுவில் இருக்கும் நுரை மூடிய அறைகள் கொண்டது, நீரைக் குடிக்காது. வெளியே ஒட்டிய நைலான் துணி குடிக்கும். அரை நாள் மழையில் அது கனத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். பாறைமேல் வைத்து இரண்டு விரலால் அழுத்தினால் தையல் ஓரத்தில் நீர் கசிவதைப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், உள்ளே போன ஈரம் வெளியே வராது. காலையில் மழையில் நனைந்த ஸ்கோப்பின்மேல் உறையைப் போட்டு, நடையின் சூட்டோடு முதுகில் சுமந்தால், உச்சியில் உறையை உருவும்போது லென்ஸ் மங்கிக் கிடக்கும். மழையைத் தடுக்கப் போட்ட உறை ஈரத்தை அடைத்து வைத்திருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாலைந்து நாள் கூடாரத்தில் தங்கி, எதையும் காயவைக்க வழியில்லாத ஈர மலையில், மூன்றாம் நாளுக்குமேல் நியோப்ரீன் காயவே காயாது. இரும்புத் துப்பாக்கியில் உறை தொடும் இடங்களில் துருவும் பிடிக்கும்.

இன்னொன்று போல்ட். ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தியிருந்தால், தடித்த நியோப்ரீன் கண் பக்கத்தில் கீழே இறங்கி, போல்ட் கைப்பிடி மேலே வரும் இடத்தை மறிக்கும். உறையோடு போல்ட்டை இயக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மெல்லிய துணி உறை

என் கணிப்பில் திறந்த ஈர மலைக்கு இதுதான் முதல் தேர்வு. மழைக் கோட்டுக்குப் பயன்படும் மாதிரியான பூச்சிட்ட நைலான், விளிம்பில் எலாஸ்டிக் அல்லது சுருக்குக் கயிறு. சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். நியோப்ரீனின் மெத்தை இதில் இல்லை, உரசலை மட்டும் தாங்கும். அதற்கு ஈடாக ஒரு பெரிய வசதி: உதறினால் பாதி ஈரம் போய்விடும், தூங்கும் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்தால் காலைக்குள் காய்ந்திருக்கும். பல நாள் பயணத்தில் இதற்கு மதிப்பு மிக அதிகம்.

இதிலும் ஒரு கவனிப்பு தேவை. லைக்ரா மாதிரி இழுபடும் துணியில் செய்த உறையும் 'மழை உறை' என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது சாரலுக்குத் தாங்கும். விடாமல் பெய்தால் ஊறி, இறுகி, லென்ஸுக்கு முன்னால் ஈரத் தோலாக நிற்கும். முன் பக்கத்தில் லென்ஸ் உள்வாங்கி இருப்பதால் துணி கண்ணாடியைத் தொடாது. கண் பக்கத்தில் பள்ளம் குறைவு. ஊறிய துணி அங்கே கண்ணாடியில் ஒட்டினால் அழுக்குக் கோடு விழும். வாங்கும்போது துணியின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் நனைந்தால் அது தூசி உறைதான்.

பூச்சிட்ட துணியும் உள்ளிருந்து ஈரத்தை வெளியே விடாது. ஆனால் தளர்வாக இருப்பதால் அடிப்பக்கம் காற்று கொஞ்சம் புகுந்து வெளியேறும். அடிப்பக்கம் முழுக்க மூடாமல் ஒரு சின்ன இடைவெளி விட்டுத் தைத்த உறை இதனால்தான் நல்லது. கூடாரத்துக்கு அடியில் காற்று போக வழி விடுவது மாதிரியே.

உறையைத் தொலைக்காமல் இருக்க ஒரு சாண் கயிற்றால் வார்ப்பட்டையின் முன் கொக்கியில் கட்டிவிடுங்கள். உருவியதும் அது கீழே தொங்கும், காற்று தூக்கிப் போகாது. கயிறு முன்பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். விசைக்கூண்டுக்கு அருகே எந்தக் கயிறும், பட்டையும், தொங்கும் நாடாவும் வரக்கூடாது. உறை எதுவானாலும் அதை மாட்டும்போதோ கழற்றும்போதோ பாதுகாப்புப் பூட்டை நகர்த்திவிட வாய்ப்பிருக்கிறது. ஏறி இறங்கும் நேரமெல்லாம் துப்பாக்கியின் அறையில் தோட்டா இல்லாமல் நடப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை.

துப்பாக்கி முழுவதையும் மூடும் உறை

முதுகுப்பையின் பக்கவாட்டில் கட்டி நாள் முழுக்க நடக்கும் பயணத்துக்கு இது அருமையானது. ஸ்கோப் மட்டுமின்றி போல்ட், விசை, குழல் வாய் எல்லாம் மழையிலிருந்து தப்பும். ஆனால் வெளியே எடுப்பதற்கு நேரமாகும். அதனால் நடக்கும்போது இது, வேட்டைக்களத்துக்கு வந்ததும் கழற்றிப் பையில் திணித்துவிட்டு ஸ்கோப் உறை மட்டும் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்பவர்கள் அதிகம். எடை தாங்கும் என்றால் அது நல்ல ஏற்பாடு.

உள்ளூரிலேயே செய்துகொள்ளும் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது: டயர் டியூபில் ஒரு அகலமான துண்டு வெட்டி, ஸ்கோப்பின் இரண்டு முனையையும் சுற்றி நீளவாக்கில் மாட்டுவது. தலைமுறையாக வேட்டைக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். நேர் மழையை நிறுத்தும், கிழியாது, ஒரு இழுப்பில் வந்துவிடும். பக்கவாட்டில் சாரல் புகும். ரப்பர் வாடையும் கரித்தூளும் கண்ணாடிக்கு நல்லதல்ல. வாங்கிய கவர் நடுவழியில் தொலைந்தால் கை கொடுக்கும் என்று பையில் ஒரு துண்டு கிடந்தால் தப்பில்லை.

பூச்சும் நிழல்குழாயும் கவரின் இடத்தைப் பிடிக்குமா?

புஷ்னெல்லின் ரெயின்கார்ட், செய்ஸின் லோட்டுடெக், சுவரோவ்ஸ்கியின் சுவரோகிளீன் போன்ற நீர் ஒட்டாப் பூச்சுகள் உண்மையாகவே பலன் தருபவை. துளி பரந்து படியாமல் சின்னச் சின்ன மணிகளாகச் சுருண்டு உருளும், துடைப்பதும் எளிது. உறையை உருவிய பிறகு சுடும்வரை உள்ள அந்தச் சில நிமிடங்களைச் சமாளிக்க இது பெரிய துணை. ஆனால் நடை முழுக்கத் திறந்து வைத்துக்கொள்ள இது அனுமதிச் சீட்டு ஆகாது. சேற்றையும் மணலையும் பூச்சு தடுப்பதில்லை. மணல் பட்ட லென்ஸைத் துடைத்தால் போவது அந்தப் பூச்சேதான்.

வெயில் லென்ஸில் படாமலிருக்க முன் பக்கத்தில் திருகும் நிழல்குழாய் சாய்வான தூறலைக் கொஞ்சம் மறைக்கும். படுத்துக் காத்திருக்கும்போது பயன்படும். குழல் மேலே பார்க்கச் சுமந்தால் அதுவே ஆழமான கிண்ணமாகிவிடும். லென்ஸின் பளபளப்பு வெளியே தெரியாமல் மறைக்கும் தேன்கூட்டு வலையை ஈர மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்தச் சின்ன அறைகளில் நீர் சிக்கிக்கொண்டால் ஊதினாலும் உதறினாலும் லேசில் வராது.

ஆக, யாருக்கு எது?

திறந்த மலை, பல நாள் பயணம், மழை நிச்சயம் என்றால் பூச்சிட்ட மெல்லிய துணி உறை. அதோடு முன் பக்கத்துக்கு மட்டும் திருகும் உலோக மூடி இருந்தால் இன்னும் நல்லது: உறையை உருவிவிட்டுக் காத்திருக்கும் அரை மணி நேரம் மூடி காக்கும். உறை மூடிக்கு மேல் தடையில்லாமல் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அளவு பெரிய உறை தேவைப்படலாம்.

அடர்ந்த காடு, குறுகிய தூரம், திடீர் வாய்ப்பு என்றால் ஃபிளிப் மூடி. முன்னால் திருகும் வகை. பின்னால் மூடி வைப்பதா என்பது போல்ட்டும் தொப்பியும் எப்படி ஒத்துவருகின்றன என்பதைப் பொறுத்தது. பின்னால் எதுவுமே வேண்டாம் என்று முடிவு செய்தால் குழல் மேலே பார்க்கச் சுமந்து, கண் பக்கத்தை முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவே மறைத்து நடக்கலாம்.

வண்டியிலும் குதிரையிலும் அதிகம் போய், உரசலும் தட்டலும் மழையைவிடப் பெரிய தொல்லையாக இருப்பவர்களுக்கு நியோப்ரீன். இரவில் காயவைக்க அடுப்போ குடிசையோ இருந்தால் அதன் குறை முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் முடியும் என்று கேட்டால் மெல்லிய துணி உறையையே சொல்வேன். வேகத்தில் ஃபிளிப் மூடியிடம் தோற்கும், உண்மைதான். ஆனால் டரட்டையும் சேர்த்து மூடுவது அது. திறந்த டரட் புதரில் உரசி ஒன்றிரண்டு கிளிக் நகர்ந்துவிட்டால், கண்ணாடி பளபளவென்று இருந்தும் குண்டு வேறு இடத்துக்குப் போகும். உறையைக் கழற்றியதும் டரட் எண்ணையும் உருப்பெருக்க வளையத்தையும் ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், உறையே இழுக்கும்போது வளையத்தைத் திருப்பியிருக்கலாம்.

அளவு எடுப்பது

வாங்கியவர்கள் திருப்பி அனுப்புவதற்கு முக்கியக் காரணம் அளவுதான். ஸ்கோப்பில் 50 என்று போட்டிருந்தால் அது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மூடி உட்காருவது வெளி விளிம்பில். அது லென்ஸைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கும், எவ்வளவு பெரிது என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். வெர்னியர் காலிப்பரால் வெளி விட்டத்தை அளந்து, அந்த எண்ணை வைத்து வாங்குங்கள். காலிப்பர் இல்லையென்றால் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றி, நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுக்கலாம். துணி உறைக்கும் நியோப்ரீனுக்கும் விட்டத்தோடு ஸ்கோப்பின் மொத்த நீளமும் வேண்டும். பக்கவாட்டு டரட்டும் உருப்பெருக்க நெம்புகோலும் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். இறுக்கமான உறை அந்த நெம்புகோலில் மாட்டித்தான் முதலில் கிழியும்.

முன் விளிம்புக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். தாழ்ந்த வளையங்களில் பொருத்திய 50 அல்லது 56 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் இரண்டு காகிதம் நுழையும் அளவுதான் சில சமயம் இடம் இருக்கும். செருகும் மூடியின் வளையம் அங்கே புகுந்து குழலை அழுத்தினால் சுடும் இடம் மாறலாம்.

புதுக் கவர் வந்ததும் தோட்டா இல்லாத துப்பாக்கியில், கையுறை போட்டுக்கொண்டு, படுத்த நிலையில், கண்ணை ஸ்கோப்பை நோக்கி வைத்தபடி கழற்றிப் பாருங்கள். பார்க்காமலே கை அந்த நாடாவைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை என்றால் நாடாவில் ஒரு முடிச்சு போட்டால் போதும், ஈரக் கையுறைக்குப் பிடி கிடைக்கும்.

இரவும் துடைப்பும்

குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் காற்றில் உள்ள ஈரம் கண்ணாடியில் படியும். சட்டமும் பாதுகாப்பும் இடம் கொடுத்தால் வெளிக்கூடாரத்து முன்பகுதியில், தோட்டா நீக்கி, உறையோடு வைப்பது நல்லது. உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் உறையைக் கழற்றாமல் மெதுவாகச் சூடேற விடுங்கள். மறுநாள் காலை வெளியே எடுத்துப்போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். துடைத்தும் போகாத மங்கல் லென்ஸுக்கு உள்ளே தெரிந்தால் ஓ-ரிங் போயிருக்கிறது. அதற்குக் கவரில் மருந்து இல்லை, ஸ்கோப்பைத் தயாரித்தவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

கண் பக்கம் மங்குவதற்குப் பெரும்பாலும் நம் மூச்சே காரணம். ஏறி வந்த மூச்சிரைப்போடு கன்னத்தை வைத்தால் நொடியில் ஆவி படியும். உறையைக் கடைசிவரை கழற்றாமல், மூச்சு அடங்கிய பிறகு கழற்றி, மூச்சைக் கீழ்நோக்கி விடுவது பழக்கத்தில் வர வேண்டிய சின்ன வேலை.

துடைக்கும் துணியை ஒரு ஜிப் பையில் போட்டு நெஞ்சுப் பையில் வையுங்கள், இரண்டாக இருந்தால் நல்லது. நனைந்த துணி துளியைத் துடைப்பதில்லை, பரப்பிவிடுகிறது. முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதி, துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில்தான் மெல்லத் தேய்க்க வேண்டும். கரிமுனை லென்ஸ் பேனாவை ஈரக் கண்ணாடியில் வைக்காதீர்கள், அது காய்ந்த விரல்ரேகைக்காகச் செய்தது.

குழல் வாயையும் கையோடு பார்த்துவிடுவது நல்லது. ஒற்றை அடுக்கு இன்சுலேஷன் டேப்பை அதன் மேல் ஒட்டினால் மழையும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே டேப்பைக் கிழித்துவிடும். மேலே ஒட்டுவது மட்டும்தான், உள்ளே எதையும் திணிக்கக் கூடாது. அதே டேப் சுருளில் கொஞ்சத்தை ஒரு பென்சிலில் சுற்றி எடுத்துப்போனால் மூடி வளையத்தை இறுக்கவும், கிழிந்த உறையை ஒட்டவும் ஆகும்.